வராத நோய்க்கு யார் சாட்சி? - மீன்சுருட்டி வழியாகத் தமிழகப் பொது சுகாதார வரலாறு

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், அணைக்கரைக்குச் சற்று முன்னால் வரும் ஊர் மீன்சுருட்டி. அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் வட்டம். இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் கட்டிய தலைநகரம். கோயில் இன்றும் நிற்கிறது. அரண்மனை இருந்த இடமான மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம் மட்டும் மிச்சம்.

அந்தத் தலைநகரிலிருந்து ஆண்டவர்களில் ஒருவர் ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன். 11-ஆம் நூற்றாண்டில் அவர் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ளது. அங்கே இயங்கிய ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை பற்றி அது பேசுகிறது. 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், ஒரு அறுவை சிகிச்சை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், மூலிகை கொண்டுவர ஆட்கள். யாருக்கு எவ்வளவு சம்பளம், என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மருத்துவமனையின் பணியாளர் பட்டியல் நம் கையில் இருப்பது சாதாரண விஷயமா!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனை கட்டினால் கல்வெட்டு வரும். இன்றைக்கும் அப்படித்தான், வாசலில் திறப்பு விழாக் கல் இருக்கும். நோயே வராமல் தடுத்தவர்களுக்கு அப்படி ஒரு கல் கிடைப்பதில்லை. காரணம் எளிமையானது. குணமான நோயாளி நேரில் வந்து நன்றி சொல்வார். வராத காலராவுக்கு யார் வந்து நன்றி சொல்வது?

தமிழகத்தின் சுகாதார வரலாற்றில் மிக முக்கியமான பகுதி இந்தக் கல்வெட்டு இல்லாத பகுதிதான். அதைப் பார்ப்போம்.

திருவிழாவும் வாந்திபேதியும்

19-ஆம் நூற்றாண்டில் கிராமங்களைக் காலி செய்தவை இரண்டு நோய்கள். ஒன்று பெரியம்மை. இன்னொன்று காலரா. ஜனங்கள் வாந்திபேதி என்றார்கள். அம்மை கண்டால் "அம்மா வந்திருக்கிறாள்" என்று வேப்பிலை கட்டினார்கள். காலரா கண்டால் ஊரைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களோடு சேர்ந்து நோயும் அடுத்த ஊருக்குப் போனது.

காலரா பரவுவதற்கு வசதியான இடம் பெருந்திருவிழா. லட்சக்கணக்கானோர் ஒரே குளத்தில் குளிப்பார்கள், பக்கத்திலேயே சமைப்பார்கள், திறந்த வெளியில்தான் ஒதுங்குவார்கள். கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகாமகம். திருவிழா முடிந்து வீடு திரும்பும் கூட்டம் பல திசைகளில் பிரிந்து போகும். அதிகாரிகளுக்கு ஒவ்வொரு பெருந்திருவிழாவும் ஒரு தலைவலி.

காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்பதை லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் 1854-ல் பிராட் தெருவின் அடிகுழாயை வைத்து எடுத்துக்காட்டியது பிரபலமான கதை. அதற்கு முன்பே, 1848-ல் இங்கிலாந்தில் முதல் பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. 1875-ல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. சாக்கடை, குடிநீர், குப்பை எல்லாம் இனி அரசின் பொறுப்பு என்றன அந்தச் சட்டங்கள். இங்கிலாந்தில் காலராவை விரட்டியது மருந்து இல்லை. குழாயும் சாக்கடையும்தான்.

சொந்த நாட்டில் இதைச் செய்த ஆங்கிலேயர்கள் இந்தியாவில் முதலில் ராணுவ முகாம்களையும் வெள்ளையர் குடியிருப்புகளையும்தான் கவனித்தார்கள். கிராமத்துக்கு வந்தது பெரும்பாலும் அம்மை குத்துபவர் மட்டுமே. அவரைக் கண்டால் பிள்ளைகளை ஒளித்து வைத்த கதைகள் பல ஊர்களில் உண்டு. அம்மைப்பால் தயாரிக்கச் சென்னை கிண்டியில் ஒரு நிறுவனம் 1899-ல் தொடங்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பவரின் பெயரில் அது இன்றும் கிங் இன்ஸ்டிடியூட்தான்.

1939: ஒரு திருச்சி டாக்டரும் ஒரு சட்டமும்

1919-ல் வந்த மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் பொது சுகாதாரத்தை மாகாண மந்திரிகளின் கையில் கொடுத்தது. 1920-களில் சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநர், மாவட்டத்துக்கு ஒரு சுகாதார அதிகாரி, அவருக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்கள் என்று ஓர் அமைப்பு உருவானது. மருத்துவமனைகளைப் பார்த்துக்கொள்ளும் துறை வேறு, இது வேறு. இந்தப் பிரிவினை சின்ன விஷயமாகத் தோன்றலாம். இதன் பலன் பிறகுதான் தெரிந்தது.

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரி சபை அமைந்தது. சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்றவர் டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர், இங்கிலாந்தில் மேற்படிப்பு படித்த மருத்துவர். 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சியில் இருந்த இவருடைய வீட்டிலிருந்துதான். அன்றைக்கு மீன்சுருட்டி, உடையார்பாளையம் பகுதியும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆக, நம்ம மாவட்டத்து டாக்டர்!

இந்த மந்திரி சபையின் காலத்தில் நிறைவேறியதுதான் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். இந்தியாவில் இந்த வகையில் இதுவே முதல் சட்டம். இங்கிலாந்துச் சட்டத்தின் சாயல் இதில் உண்டு. குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தொற்றுநோய் அறிவிப்பு, கொசு ஒழிப்பு, தாய் சேய் நலம், உணவுக் கட்டுப்பாடு, தங்கும் விடுதிகள் என்று ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று எழுதி வைத்தது. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே உண்டு. கூட்டம் கூடும் இடத்தில் குடிநீரும் கழிப்பிடமும் ஏற்பாடு செய்வது, நோய் வந்தவரைத் தனியே வைத்துக் கவனிப்பது எல்லாம் அதன் பிறகு கருணையாக இல்லாமல் கடமையாக ஆனது.

இந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது முகக்கவசம் போடாதவருக்கு 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பியவருக்கு 500 ரூபாய் அபராதம் போட்டார்களே, அது இந்த 1939 சட்டத்தில் செய்த திருத்தத்தின்படிதான். எண்பது வருடப் பழைய சட்டம் தூசி தட்டப்பட்டு வேலைக்கு வந்தது.

இங்கிலாந்து ஒரு பக்கம், இந்தியா ஒரு பக்கம்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே 'சண்டை முடிந்த பிறகு மக்களுக்கு என்ன செய்யப்போகிறோம்' என்ற கேள்வி எழுந்தது. இங்கிலாந்தில் 1942-ல் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. பணக்காரர், ஏழை எல்லோருக்கும் இலவச சிகிச்சை. உலகமே பார்த்து வியந்த திட்டம்.

இந்தியாவில் 1943-ல் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1946-ல் அறிக்கை கொடுத்தது. காசு இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது, கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்றது. இன்று ஊருக்கு ஊர் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் விதை அதுதான். இன்னொன்றையும் சொன்னது: தடுப்பதையும் குணப்படுத்துவதையும் தனித்தனியாக வைக்காமல் ஒன்றாக இணைக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆனது? சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் பொது சுகாதாரத் துறை மருத்துவத் துறையோடு கலந்தது. ஒரே துறை, ஒரே பட்ஜெட் என்றானதும் மருத்துவமனைதான் ஜெயித்தது. வாசலில் நோயாளி துடித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த வருடம் வரலாமா வேண்டாமா என்றிருக்கும் காய்ச்சலைப் பற்றி யார் யோசிப்பார்கள்? அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வருடா வருடம் அப்படியே போனால் கொசு ஒழிக்க ஆள் இருக்க மாட்டார்.

தமிழகம் மட்டும் பழைய ஏற்பாட்டை விடவில்லை. பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்புத் துறை இயக்குநரகம் தனியாகவே நின்றது. தனி பட்ஜெட், தனிப் பணியாளர்கள். சுகாதார அதிகாரி ஆக வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது, பொது சுகாதாரமும் படித்திருக்க வேண்டும். மருத்துவர்களோடு பூச்சியியல் வல்லுநர்களும் சுகாதார ஆய்வாளர்களும் அதே துறையில் இருந்தார்கள். உலக வங்கியில் பணியாற்றிய ஆய்வாளர் மோனிகா தாஸ் குப்தா, தமிழகம் மற்ற மாநிலங்களிலிருந்து வேறுபடுவதற்கு முக்கியக் காரணமாக இதைத்தான் சுட்டிக்காட்டினார். மத்திய அரசு 1955-லும் 1987-லும் மாதிரிப் பொது சுகாதாரச் சட்டங்களைத் தயாரித்துப் பார்த்தது. மாநிலங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இங்கிலாந்தின் கதையும் வேடிக்கைதான். அங்கே ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு சுகாதார மருத்துவ அதிகாரி உண்டு. 1847-ல் லிவர்பூலில் தொடங்கிய பதவி அது. 1948-ல் தேசிய சுகாதார சேவை வந்தபோதும் அவர்கள் நகராட்சியிலேயே இருந்தார்கள். 1974-ல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டு, பொது சுகாதாரத்தைச் சுகாதார சேவைக்குள் கொண்டுபோனார்கள். 2013-ல் மறுபடியும் நகராட்சிகளிடம் கொடுத்தார்கள். தடுப்பு வேலையை எங்கே வைப்பது என்பதில் இங்கிலாந்துக்கே முடிவுக்கு வர முடியவில்லை.

தண்டோராவிலிருந்து புள்ளிராஜா வரை

சட்டம் இருந்தால் போதாது. ஜனங்கள் சம்மதிக்க வேண்டும். இந்தப் பாடத்தைத் துறை மெதுவாகத்தான் கற்றது.

அம்மை ஒழிப்பில் ஆரம்பத்தில் கட்டாயம்தான் இருந்தது. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தியபோது ஒளிந்தவர்கள், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசியபோது கையை நீட்டினார்கள். இந்தியாவில் இயல்பாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். தமிழகம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே விடுபட்டிருந்தது. 1980-ல் உலகம் முழுவதும் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பிறகு சுவர்கள் பேசத் தொடங்கின. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' வாசகமும் இல்லாத பஸ் ஸ்டாண்டு கிடையாது. குடும்பக் கட்டுப்பாட்டில் இலக்கு வைத்து ஆள் பிடித்த காலமும் உண்டு. அந்த இலக்குகளின் பாரம் பெரும்பாலும் ஏழைப் பெண்களின் உடம்பில்தான் இறங்கியது. அதை மறைக்க வேண்டியதில்லை.

போலியோவுக்கு ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து என்ற யோசனையை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி.ஜேக்கப் ஜான். 1995-ல் அது நாடு தழுவிய திட்டமானது. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, டோல்கேட் எங்கும் சொட்டு மருந்து முகாம், குழந்தையின் விரலில் மை. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்ட நோயாளிதான் இந்தியாவின் கடைசி. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

எய்ட்ஸ் வேறு மாதிரியான சவால். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். வெளியில் பேசவே கூச்சப்படும் விஷயத்தை எப்படிப் பேசுவது? 2000-களின் தொடக்கத்தில் சுவரிலும் பஸ்ஸிலும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி முளைத்தது. யார் இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் விவாதம் நடந்தது. பயமுறுத்தாமல், உபதேசம் செய்யாமல் ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டுப் போன விளம்பரம் அது.

மீன்சுருட்டிக்கு வந்தால்

இதெல்லாம் ஒரு கிராமத்தில் எப்படித் தெரியும்? மீன்சுருட்டியிலும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. துணை நிலையத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்ஸம்மா. எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எப்போது தடுப்பூசி என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும்.

மாவட்டம் மட்டும் அடிக்கடி மாறியது. 1995 வரை திருச்சி. பிறகு பெரம்பலூர். 2001-ல் அரியலூர். 2002-ல் மீண்டும் பெரம்பலூர். 2007-ல் மறுபடி அரியலூர். ஊர் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது!

1980-களின் பிற்பகுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் வந்தது. 300 ரூபாயில் ஆரம்பித்து, 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று உயர்ந்தது. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்பியதால், கிராம நிலையங்களில் 'மருந்து இல்லை' என்ற பதில் குறைந்தது. மூன்று செவிலியர்களை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. எல்லாவற்றையும் விட முக்கியம், பிரசவத்தில் இறந்த ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஏன் என்று விசாரிக்கும் வழக்கம் 1990-களிலேயே தொடங்கியது.

விளைவு? 2001-03-ல் தமிழகத்தில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் 54. இதே காலத்தில் இந்திய சராசரி 301-லிருந்து 97-க்கு வந்தது. இந்த எண்களுக்குப் பின்னால் உயிரோடு வீடு திரும்பிய பெண்கள் இருக்கிறார்கள். தாங்கள் எதிலிருந்து தப்பினோம் என்பது அவர்களில் பலருக்கே தெரியாது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தமிழகத்தில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். குடிநீரெல்லாம் உப்பாகி, முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பெரிய கொள்ளைநோய் வெடிக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். வெடிக்கவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் குளோரினும் பிளீச்சிங் பவுடரும் தடுப்பூசியுமாக முகாம் முகாமாகச் சுற்றியது ஒரு காரணம். சுனாமிக்கு நினைவுத்தூண்கள் உண்டு. வராத அந்தக் கொள்ளைநோய்க்கு ஒன்றும் இல்லை.

கணக்கில் வராதவர்கள்

பெருமைப்பட்டு மட்டும் முடித்துவிட முடியாது. 1939 சட்டம் சாக்கடையையும் கழிப்பிடத்தையும் சுத்தமாக வைக்கச் சொன்னது. சுத்தம் செய்தது யார்? தலைமுறை தலைமுறையாக ஒரு சில சாதியினர் மட்டும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டங்கள் வந்தன. அதன் பிறகும் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் செத்தவர்கள் பற்றிய செய்திகள் வந்துகொண்டேயிருக்கின்றன. ஊரை நோயிலிருந்து காத்தவர்களுடைய உயிருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பது இந்த வரலாற்றின் கறை.

நோய்களும் மாறிவிட்டன. இன்றைக்குப் பெரிய எதிரிகள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். இவை திருவிழாவில் பரவுவதில்லை, சத்தமில்லாமல் வீட்டுக்குள்ளேயே வளர்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே போய்ப் பரிசோதித்து மாத்திரை கொடுக்கிறது. நர்ஸம்மா வீடு வீடாகப் போன அதே வழிதான். 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. மகிழ்ச்சியான விஷயம், பல வருடக் கனவு. அதே சமயம் பழைய ஆபத்தும் கூடவே இருக்கிறது. பெரிய கட்டடம் வந்ததும் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும்.

தடுப்பு வேலைக்கு ஒரு சாபம் உண்டு. எவ்வளவுக்கு அது வெற்றி பெறுகிறதோ, அவ்வளவுக்கு அது தேவையில்லை என்று தோன்றும். காலரா வராத ஊரில் குளோரின் போடுபவர் வெட்டியாகச் சம்பளம் வாங்குவது போலத் தெரியும். கொசு குறைந்த வருடத்தில் கொசு மருந்து அடிப்பவரைக் குறைக்கலாமே என்று யாராவது கோப்பில் எழுதுவார்கள். மற்ற மாநிலங்களில் நடந்தது ஏறக்குறைய இதுதான். தமிழகம் தப்பியதற்குக் காரணம் இங்கே இருப்பவர்கள் அதிபுத்திசாலிகள் என்பதல்ல. தனித் துறை, தனிப் பணம், தனிச் சட்டம் என்று முன்னோர்கள் போட்டு வைத்த வேலி.

அடுத்த முறை நர்ஸம்மா பதிவேட்டோடு கதவைத் தட்டினாலோ, மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் குளோரின் வாசம் அடிக்கிறது என்று யாராவது சலித்துக்கொண்டாலோ, அந்த வேலியில் ஒரு முள் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அது இல்லாமல் போனால் முதலில் தெரியப்போவது மருத்துவக் கல்லூரிக்கு இல்லை, மீன்சுருட்டி மாதிரியான ஊர்களுக்குத்தான்.